ஸ்டெப்னியில் காத்து இருக்கா, சார்?

கார் வாங்குகிற வரைக்கும் நம் ஆட்களுக்கு ஒரே கேள்விதான்: ‘எவ்வளவு குடுக்குது?’ பசு மாட்டை விலை பேசுகிற மாதிரி மைலேஜைத்தான் கேட்பார்கள். ஷோரூம்காரர் ஒரு எண்ணைச் சொல்ல, மாமனார் அதில் மூன்றைக் கழிக்க, மச்சான் இன்னொன்றைக் கழிக்க, ஒரு வழியாக வண்டி வீடு வந்து சேரும். எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்கு ஸ்வீட்டும் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம்தான் நிஜமான கேள்விகள் கிளம்புகின்றன. ஜாக்கி எங்கே இருக்கு? காத்து எவ்வளவு பிடிக்கணும்? டாஷ்போர்டில் மஞ்சளாக ஏதோ ஒன்று எரிகிறதே, அது என்ன?

எல்லாவற்றுக்கும் பதில் காரிலேயே இருக்கிறது. கிளவ் பாக்ஸில், பழைய டோல் ரசீதுகளுக்கு அடியில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் ஒரு தடிப் புத்தகம் தூங்கிக்கொண்டிருக்கும். ஓனர்ஸ் மேனுவல். மிக்ஸி வாங்கினால் வாரன்ட்டி கார்டை முகர்ந்து பார்க்கிறவர்கள், லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய காரின் புத்தகத்தைப் பிரிப்பதில்லை. சந்தேகம் வந்தால் எதிர் ஃப்ளாட் அங்கிளிடம் கேட்கிறோம். அங்கிள் கடைசியாகப் பழுது பார்த்தது அம்பாஸடர்.

‘பி.காம். படிச்சவனுக்கு பானெட்டுக்கு அடியில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஆபீஸ் நண்பர்கள் மாதாந்திர தவணையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்து, மெதுவாக கூலன்ட், டயர் என்று இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு எங்கள் ஏரியா மெக்கானிக் பாயிடம் போனேன். முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறவர். நான் நோட்டைப் பிரிப்பதற்குள் அவரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்க ஃப்ரெண்டுங்க இத்தனை பேர்ல, ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பார்த்தவங்க எத்தனை பேரு சார்?”

நோட்டை மூடி வைத்துவிட்டு டயரிலிருந்தே ஆரம்பித்தோம்.

யோசித்துப் பாருங்கள். டன் கணக்கில் இரும்பு, அதற்குள் மனைவி, குழந்தை, ஊறுகாய் ஜாடியோடு அம்மா. இவ்வளவும் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலே நாலு இடத்தில். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். ஸ்டீரியோவுக்கு இருபதாயிரம் செலவழிக்கிறவர் இந்த நாலு உள்ளங்கைகளைக் குனிந்து பார்ப்பதில்லை.

எவ்வளவு காற்று என்பதை பங்க்கில் பைப் பிடிக்கிற பையன் முடிவு செய்யக் கூடாது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குப் பின்னால். இரண்டு பேர் போனால் இவ்வளவு, ஐந்து பேரும் லக்கேஜும் போனால் இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ‘டயர் மேலேயே 51 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கே?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அது டயர் தாங்கும் உச்சபட்சம். லிஃப்டில் ‘எட்டு பேர்’ என்று எழுதியிருப்பதால் எட்டு பேர் சேர்ந்த பிறகுதான் கிளம்புவேன் என்று யாரும் அடம் பிடிப்பதில்லையே!

இன்னொரு பரவலான நம்பிக்கை உண்டு. ‘வெயில் காலத்துல டயர் சூடாகி வெடிச்சிடும், அதனால ரெண்டு பாயின்ட் குறைச்சே பிடி.’ இது ஆபத்தான யோசனை. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி ஒடியும் அல்லவா, அதே கதைதான். மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, உளுந்தூர்பேட்டை தாண்டி நூறில் போகும்போது டயர் வெடிக்கக் காரணம் பெரும்பாலும் அதிகக் காற்று அல்ல, குறைந்த காற்று. அதோடு வயசான ரப்பர், அளவுக்கு மிஞ்சிய லக்கேஜ்.

ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. சூடாகும்போது அழுத்தம் ஏறும் என்பதை யோசித்தேதான் அதைப் போட்டிருக்கிறார்கள். ஐந்தாறு டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஒரு பாயின்ட் கூடும். அதனால் காலையில், வண்டியை எடுத்து இரண்டு மூன்று கிலோமீட்டர் போவதற்குள் அளக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிய டயரில் 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டீர்களானால், ராத்திரி குளிர்ந்ததும் அது நோஞ்சான் டயர். லைட்டர் துளையில் செருகுகிற சின்ன ஏர் பம்ப்பும் ஒரு கேஜும் வாங்கி டிக்கியில் போட்டுவிட்டால் யாரையும் கெஞ்ச வேண்டாம். நம்மவர்கள் காருக்கு வாங்கும் சாமான்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் கட்சி. வாசனை பாட்டில் பிற்பாடு.

நைட்ரஜன் பிடிக்கலாமா? பிடிக்கலாம். ஆனால் நீங்கள் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பசை இருக்காது, கொஞ்சம் மெதுவாகக் கசியும் என்பது உண்மை. விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் அது முக்கியம். தாம்பரத்திலிருந்து கிண்டி போகிறவருக்கு, மீதி 22 சதவீதத்துக்குக் காசு கொடுக்கிற கணக்கு. முன்பு நைட்ரஜன் பிடித்த டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தாலும் ஒன்றும் குடி முழுகாது.

டயரின் ஜாதகமும் அதன் மேலேயே எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நாலு எண்கள். 3522 என்றால் 2022-ம் வருஷத்தின் 35-வது வாரத்தில் பிறந்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, ரப்பர் சும்மா நின்றாலே கிழடாகும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து வருஷ டயரை, புதுசு மாதிரி இருந்தாலும், ஊஞ்சல் கட்டத்தான் பயன்படுத்தலாம். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். அளக்க ஸ்கேல் வேண்டாம். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயருக்கு ரிட்டையர்மென்ட்.

இப்போது பாய் கேட்ட கேள்வி. ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில் கம்பளம் போர்த்திக் கிடக்கிறது. ஓடாவிட்டாலும் காற்று இறங்கும். மற்ற டயர்களைவிட இரண்டு மூன்று பாயின்ட் கூடவே பிடித்து வையுங்கள். பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கையும்விடச் சின்னது. மஞ்சள் ஸ்டிக்கரில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று எல்லை போட்டிருக்கும். அதை மாட்டிக்கொண்டு மதுரை வரை பறக்கக் கூடாது, பக்கத்துப் பங்ச்சர் கடை வரைக்கும்தான். சில புதுக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பங்ச்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. உங்கள் டிக்கியில் இருப்பது டயரா, கிட்டா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

டயர் மாற்றத் தெரியுமா என்றால் ‘யூட்யூபில் பார்த்துக்கலாம்’ என்கிறார்கள். டவர் இல்லாத இடத்தில்தான் சார் பங்ச்சர் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு தடவை செய்து பாருங்கள். சமதரை. ஹேண்ட் பிரேக். ஃபர்ஸ்ட் கியர். கழற்றப்போகும் டயருக்கு நேர் மூலையில் இருக்கும் டயருக்கு ஒரு கல் முட்டு. பிறகு ஜாக்கி போடுவதற்கு முன்னாலேயே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கிக்கென்றே கதவுக்குக் கீழே விளிம்பில் இரண்டு வெட்டு அடையாளங்கள் இருக்கின்றன. வேறு எங்கே கொடுத்தாலும் தகரம் உள்ளே போகும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கோலப்புள்ளி வைக்கிற மாதிரி தாண்டித் தாண்டி முடுக்க வேண்டும். வெறும் ஜாக்கி தாங்கி நிற்கும் காருக்கு அடியில் கையோ காலோ தலையோ போகவே கூடாது. இது மட்டும் விளையாட்டில்லை.

நட்டு அசையவே இல்லையா? ஒர்க்‌ஷாப்பில் காற்று கன் வைத்து முடுக்கியிருப்பார்கள். ஸ்பேனர் கைப்பிடியில் செருக ஓர் அடி இரும்புப் பைப் வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் தத்துவம், எட்டாம் வகுப்புப் பாடம். அலாய் வீல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திருடனுக்குப் பயந்து லாக் நட் போட்டிருந்தால், அதைத் திறக்கும் சின்னக் குமிழ் வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது.

நாலு வழிச்சாலை என்றால் கணக்கு வேறு. அங்கே டயரைவிட உயிர் முக்கியம். வண்டியை முடிந்தவரை ஓரம் கட்டி, முக்கோணப் பலகையைப் பின்னால் தூரத்தில் வைத்து, குடும்பத்தை இறக்கி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். ரிம் போனால் போகிறது, வளைவில் நின்று டயர் மாற்றாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

பானெட்டுக்கு அடியில் நமக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆயில் பார்ப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிஷம் பொறுத்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்தான், ‘இருக்கட்டுமே’ என்று கூடுதலாக ஊற்ற இது சாம்பார் இல்லை. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருப்பது பிரஷர் குக்கர், விசில் மட்டும்தான் கிடையாது. இன்னொன்று: கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தரையில் சிந்தியதைக் கழுவி விடுங்கள். தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

பேட்டரி செத்தால்? மேனுவல் கியர் என்றால் நாலு பேர் தள்ளலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினால் தள்ளுகிறவர்களுக்கு நல்ல உடற்பயிற்சி, அவ்வளவே. ஜம்பர் கேபிளில் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல, அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டையும் ஒரே இடத்தில் சேர விடாதிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இனி என் டிபார்ட்மென்ட்: சர்வீஸ் பில்.

‘ஃப்ரீ சர்வீஸ்னு சொல்லிட்டு ஆறாயிரம் வாங்கிட்டாங்க’ என்ற புலம்பல் எல்லா ஆபீஸ் கேன்டீனிலும் கேட்கும். அங்கே ஃப்ரீ என்பது கூலி மட்டும். ஆயில், ஃபில்டர் எல்லாம் நம் காசு. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு நண்பர் காட்டிய பில்லில் ஆயிலும் ஃபில்டரும் இரண்டு வரியோடு முடிந்துவிட்டன. அதற்குக் கீழே ஒன்பது வரிகள்! இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏ.சி. சுத்திகரிப்பு, உள் அலங்காரப் பாதுகாப்பு... கல்யாண மண்டப பில் மாதிரி. மேனுவலின் பின்பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கிறது. எத்தனையாவது கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று கார் கம்பெனியே போட்டது. அதில் இருப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் இல்லாததை அட்வைசர் சொன்னால், “இதைச் செய்யலைன்னா என்ன ஆகும்?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பாதி வரிகள் தானாக மறையும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒன்பது வரிக்கு அழுத நண்பர் பிரேக் ஆயில் மாற்ற மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டிருந்தார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பல கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஈரம் சேர்ந்த ஆயில், ஏற்காடு மலை இறங்கும்போது பிரேக் சூட்டில் கொதித்துக் குமிழியாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கஞ்சத்தனத்துக்கு வேறு இடமா இல்லை! மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஏ.சி. கேபின் ஃபில்டரை நீங்களே மாற்றுங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை.

பிரேக் என்றதும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ‘அவசரமா அழுத்தினா பெடல் கிடுகிடுன்னு காலை உதைக்குது, ரிப்பேரா?’ என்று கேட்கிறார்கள். ரிப்பேர் இல்லை, அதுதான் வேலை செய்கிற லட்சணம். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். விட்டு விட்டு மிதிக்கிற பழைய வித்தையும் வேண்டாம். ஒரேயடியாக மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பி விலகலாம். அதற்காகத்தான் அது இருக்கிறது.

ஏர் பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு? இது ஓர் இளைஞர் என்னிடம் கேட்டது. ஏர் பேக் பஞ்சு மெத்தை இல்லை தம்பி. கண் இமைப்பதற்குள் குண்டு மாதிரி வெடித்து விரியும் பை. பெல்ட் உங்களைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தால்தான் அது காப்பாற்றும். இல்லையென்றால் நீங்கள் அதன் மேல் போய் விழுகிற நேரத்தில் அது உங்கள் முகத்தில் வெடிக்கும். அதனால்தான் டாஷ்போர்டில் ஏர் பேக் மூடியின் மேல் ஒட்டியிருக்கும் பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள் என்கிறேன். பக்தியில் குறைவில்லை. வெடித்தால் அவர்தான் முதலில் பறந்து வருவார், கல்லாலோ பித்தளையாலோ ஆனவர். முன்சீட்டில் டாஷ்போர்டு மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளும் மச்சானுக்கும் இதே காரணம்தான்.

பின்சீட்டில் பெல்ட் போடுகிறவர் நம் ஊரில் அபூர்வம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் பாலத்துச் சுவரில் மோதியது. விலை உயர்ந்த, ஏர் பேக்குகள் நிறைந்த கார். முன்சீட்டில் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமலிருந்த இருவரும், மிஸ்திரி உட்பட, இறந்தார்கள். மணி அடிப்பதை நிறுத்த பெல்ட் இடத்தில் செருகும் போலி கிளிப் ஒன்றைச் சில ரூபாய்க்கு விற்றார்கள். ஆன்லைனில் அதை விற்கக் கூடாது என்று 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. இன்னமும் சில கார்களில் பார்க்கிறேன். ஏமாறுவது கார் அல்ல.

அடுத்தது மழை. சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதற்குச் சிலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ அதில் புத்திசாலித்தனம்தான் தெரிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனபின் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எனவே தண்ணீரில் நின்றுவிட்ட காரை ‘ஒரே ஒரு தடவை’ என்று சாவி திருப்பாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்த இன்ஜின் சேதம் பெரும்பாலும் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனி இணைப்பு எடுத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஏஜென்ட்டிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேளுங்கள்.

சப்வேயில் சிக்கி தண்ணீர் ஏறினால் செய்ய வேண்டியது: பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை உடனே இறக்கு, வெளியேறு. பவர் விண்டோ ஆரம்பத்தில் சில நேரம் வேலை செய்யும். போன் செய்து கணவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. சீட்டின் தலையணையை உருவிக் கண்ணாடியை உடைக்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள் என்று சுற்றி வரும் செய்தி கப்ஸா. அது கழுத்துக்காக வைத்தது. அதற்கென்றே பெல்ட் அறுக்கும் கத்தியோடு சின்ன சுத்தியல் கிடைக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

நோட்டில் மிச்சமிருந்த சில்லறைக் கேள்விகள்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டால் நேராகப் போகிறேன் என்று அர்த்தமா? இல்லை சார், ‘நான் நின்றுவிட்டேன்’ என்று அர்த்தம். பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் திரும்புவதாக நினைத்து உள்ளே வருவான். மழையில் ஹெட்லைட் போதும்.

ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது மொபைல் மேப் 95 என்கிறதே? மொபைல் சொல்வதுதான் பெரும்பாலும் சரி. ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன.

டேங்க் எந்தப் பக்கம்? பெரும்பாலான கார்களில் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், அது காட்டும் பக்கம். ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஜிம் மொய்லன் 1986ல் ஒரு மழை நாளில் கம்பெனிக் காரைப் பங்க்கில் தப்பான பக்கம் நிறுத்தி நனைந்துவிட்டார். திரும்பி வந்ததும் இந்த யோசனையை எழுதிக் கொடுத்தார். 1989 மாடல்களில் அம்பு வந்தது. ஒருத்தர் நனைந்ததில் உலகத்துக்கே சௌகரியம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி, ரிமோட் சாவியின் பேட்டரி காலி. என்ன செய்வது? ரிமோட்டுக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பல கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தபடி அழுத்தினால் இன்ஜின் கிளம்பும். சில வண்டிகளில் சாவித் துவாரமே கைப்பிடி மூடிக்குள் மறைந்திருக்கும். எங்கே என்பதை ஜாக்கியைத் தேடும் அதே ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்து வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு பேஸ்மென்ட் பார்க்கிங்கில் குனிந்து கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தால், சாவித் துவாரம் கிடைப்பதற்கு முன்னால் வாட்ச்மேன் வந்துவிடுவார்: “யாருங்க அது, யார் வண்டி?”